பாம்பின் வால் மலைமேல் இருந்தது

அரசாங்க ஆபீஸில் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கொட்டாவி விடுவார்கள், செருமுவார்கள், காது குடைவார்கள். சிரிப்பு மட்டும் வராது. அதனால் எங்கள் ஆபீஸிலிருந்து மூன்று மாதம் விடாமல் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று அக்கம்பக்கத்தார் உங்களிடம் சொல்லியிருந்தால், அது உண்மைதான். அதற்குக் காரணம் நான். மறைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

என் பெயர் பெரியநாயகம். வயது ஐம்பத்திரண்டு. கிராமப் பள்ளிகள் வாரியத்தின் தர்மபுரி ஆபீஸில் கண்காணிப்பாளர். எங்கள் வாரியத்தின் கீழ் மாவட்டத்தில் கச்சிதமாக நூறு பள்ளிகள், முந்நூற்றுச் சொச்சம் ஆசிரியர்கள். இந்த ஆசிரியர்களை இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் மாற்றுவதுதான் எங்கள் வேலை. மாற்றாமல் இருப்பதும் எங்கள் வேலைதான்; அதைத்தான் அதிகம் செய்வோம். ஒரு மாறுதல் மனு எங்கள் ஆபீஸில் ஐந்து மேசைகளைக் கடக்க மூன்று வருடம் ஆகும். ஐந்து மேசைகளும் ஒரே அறையில்தான் இருக்கின்றன.

எண்பத்தேழாம் வருடம் புரட்டாசியில் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் செயலாளர் திரு. நஞ்சப்பன் அவர்கள் அதற்குப் பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டு, முக்கால் மணி நேரம் பேசினார். ‘இந்த நிமிடத்திலிருந்து தர்மபுரி இருபத்தோராம் நூற்றாண்டில் இருக்கிறது’ என்று அவர் முடித்தபோது கரண்ட் போனது. இருட்டில் கைதட்டினோம்.

கம்ப்யூட்டருக்கு ஏசி அறை கட்டினார்கள். கண்ணாடிக் கதவு வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று போர்டு எழுதினார்கள். மதராஸிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து மூன்று நாள் இங்கிலீஷில் பேசினார். அவர் பேசியதில் எங்களுக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. மிஷினைப் போட்டதும் அது முதலில் ஒரு கேள்வி கேட்கும். ஒன்றை அழுத்தினால் பயிற்சி, இரண்டை அழுத்தினால் நிஜம். பிறகு அவர் நானூறு பக்கப் புத்தகம் ஒன்றை விட்டுவிட்டு ரயிலேறினார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் யாரும் அதைத் தொடவில்லை. மூத்த உதவியாளர் பச்சியப்பன் முப்பது வருடம் சர்வீஸ் போட்டவர். அவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “ஏனுங்க சார், இது தொட்டா இழுத்துக்காதுங்களே? எங்க பெரியப்பன் பம்புசெட்டத் தொட்டுத்தான் போனாரு” என்றார். டைப்பிஸ்ட் தீர்த்தம்மாள் தினமும் கை கழுவிவிட்டு வந்து கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழைய டைப்ரைட்டருக்கே திரும்பிப் போவார். அதைப் பயிற்சி என்று வாராந்திர அறிக்கையில் எழுதினேன். ‘ஊழியர்கள் இயந்திரத்துடன் பழகி வருகின்றனர்.’ அதில் பொய் எதுவும் இல்லை.

மார்கழியில் மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் இருநூறு மாறுதல் உத்தரவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டாக வேண்டும். போடாத ஆபீஸின் ஊழியர்கள் உபரி என்று கருதப்பட்டு ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அனுப்பப்படுவார்கள். ஊரையெல்லாம் மாற்றுகிற எங்களை யாரோ மாற்றப் போகிறார்கள் என்றதும் ஆபீஸே ஆடிப்போய்விட்டது. தீர்த்தம்மாள் அழுதேவிட்டார். “ராமநாதபுரத்துல தண்ணியே இல்லையாமே சார்” என்றார். தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொன்னார்.

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் பச்சியப்பன் கண் இரண்டும் சிவந்து வந்தார். என்னய்யா என்று கேட்டேன். “விடிய விடியப் பரமபதம் ஆடினமுங்க. நாலு தடவ பெரிய பாம்பு கடிச்சிருச்சு. அஞ்சாவது தடவதான் மேல போனேன்” என்றார். சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த ஒளியை நான் முப்பது வருடத்தில் பார்த்ததில்லை. தினமும் காலை பதினொரு மணிக்கு மேசையில் தலை சாய்க்கிற மனிதர், ஒரு துண்டுப் பலகைக்காக இரவு முழுக்க விழித்திருக்கிறார். நான் கத்தோலிக்கன், ஏகாதசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பாம்பும் ஏணியும் எந்த மதத்துக்கும் விளங்கும்.

அன்று மத்தியானமே தீர்த்தம்மாளை ஒரு சார்ட் பேப்பரில் நூறு கட்டம் போடச் சொன்னேன். கோலம் போடுகிற கை. பாம்புகளை அத்தனை லட்சணமாக வரைந்தார். நூறு கட்டத்துக்கு நூறு பள்ளிகள். முதல் பத்து கட்டங்களில் மலைப் பள்ளிகள்: சித்தேரி, வத்தல்மலை, அந்த வகையறா. மேலே போகப் போக ரோட்டோரம், பஸ் ஸ்டாண்டோரம். நூறாவது கட்டத்தில் அந்தந்த வாரம் காலியாக இருக்கிற நல்ல ஊர்.

சட்டம் எளிமையானது. ஆளுக்கொரு ஆசிரியர்தான் காய். ஆறு சோழியைக் குலுக்கிப் போட வேண்டும். எத்தனை நிமிர்ந்து விழுகிறதோ அத்தனை கட்டம். நின்ற கட்டத்துப் பள்ளியைக் கம்ப்யூட்டரில் தேடி எடுக்க வேண்டும். ஏணியோ பாம்போ வந்தாலும், நூறைத் தொட்டாலும், அந்த ஆசிரியருக்கு மாறுதல் உத்தரவு போட வேண்டும். எழுத்துப் பிழையில்லாமல் போட்டால் இன்னொரு ஆட்டம். பிழை வந்தால் ஒரு சுற்றுச் சும்மா உட்கார வேண்டும்.

சாதாரணமாகப் பாம்பு கடித்தவன் கீழே இறங்குவான். எங்கள் பலகையில் பாம்பு கடித்தவர் மலை ஏறுவார். இந்த வேடிக்கையைக் கண்டுபிடித்துச் சொன்னதும் தீர்த்தம்மாள்தான். சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அதுதான் நான் சொன்ன சிரிப்பு. முதல்முறை கேட்டபோது ஏசி மிஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

பயிற்சியாளர் போலிப் பெயர்களை ஏற்றி வைத்திருந்தார். டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று. நான்கு நாள் அவற்றை வைத்து ஆடினோம். ஆட்டம் சோபிக்கவில்லை. பச்சியப்பன் சொன்னதில் நியாயம் இருந்தது.

“டெஸ்ட்டு ரெண்டப் பாம்பு கடிச்சா யாருக்குங்க வலிக்குது? பேருன்னு ஒண்ணு இருந்தாத்தானே சார் கடிக்கறதுக்கு ஒரு மருவாத.”

ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியலை எடுத்தோம். ஆட்டம் உடனே களை கட்டிவிட்டது. “பாலக்கோட்டு கணக்கு வாத்தியாருங்க, எங்க அண்ணன் மவன ஃபெயில் போட்டவரு. போடு சாமி, ஒரு மூணு போடு” என்று பச்சியப்பன் சோழியை நெற்றியில் வைத்துக் கும்பிடுவார். மூணு விழும். பாம்பு திறந்த வாயோடு காத்திருக்கும். ஐந்து பேரும் நாற்காலியிலிருந்து எழுந்து குதிப்பார்கள். குதித்த கையோடு, வாத்தியாரின் எண், பழைய பள்ளி, புதிய பள்ளி, தேதி என்று ஒரு பிழையில்லாமல் அடித்து முடிப்பார்கள். பம்புசெட்டுக்குப் பயந்த மனிதர் பத்தே நாளில் கீபோர்டைப் பார்க்காமல் அடித்தார். நானூறு பக்கப் புத்தகம் ஸ்டெபிலைசருக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது.

ஒரு குறை மட்டும் இருந்தது. பயிற்சி வழியில் போனால் பிரிண்டர் ஓடாது. பாம்பு கடிக்கிறது, எல்லோரும் குதிக்கிறார்கள், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வெடிக்காத வாணம் மாதிரி சப்பென்று இருந்தது. ஆகவே ஒருநாள் காலை மிஷின் கேட்ட கேள்விக்கு நான் இரண்டை அழுத்தினேன். பிரிண்டருக்காகத்தான். அது கிறீச் கிறீச்சென்று காகிதத்தைத் துப்பியபோது தீர்த்தம்மாள் கைதட்டினார். எனக்கும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

முதல் இரண்டு வாரக் காகிதங்களை பீரோவில் வைத்துப் பூட்டினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு விவரம் தெரியாது என்று யாராவது சொன்னால் அது என்னை அவமதிப்பதாகும். பிப்ரவரி முதல் தேதி பீரோவைத் திறந்து பார்த்தேன். எழுபத்தெட்டு உத்தரவுகள், ஓரத்தில் ஓட்டை போட்ட காகிதத்தில், ஒரு திருத்தமில்லாமல். நிஜமான மனுக்களோ இரண்டாவது மேசையைக்கூடத் தாண்டவில்லை. மார்ச் முப்பத்தொன்றுக்குள் இருநூறு வேண்டும். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கவில்லை. நீங்களும் அரசாங்க ஊழியர்தான்.

அந்தக் காகிதக் கட்டைச் செயலாளரின் மேசைக்குக் கொண்டுபோனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வாயைக் கையால் மூடி, “கம்ப்யூட்டர் போட்டதுங்களா?” என்றார். ஆமாம் என்றேன். எழுபத்தெட்டிலும் கையெழுத்துப் போட்டார். கையால் எழுதிய குறிப்பாக இருந்தால் கமாவுக்குக்கூட விளக்கம் கேட்கிற மனிதர். ஓட்டை போட்ட காகிதம் என்றதும் படிப்பதே மரியாதைக் குறைவு என்பதுபோல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே போட்டார்.

பத்து நாளில் ஒருவர் வாழைத்தாரோடு வந்தார். பதினோரு வருடம் அஞ்செட்டிப் பக்கம் கிடந்தவராம். வீட்டு வாசலுக்கே மாறுதல் கிடைத்துவிட்டதாம். “கம்ப்யூட்டர் சாமி எங்கீங்க இருக்குது?” என்று கேட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே விழுந்து கும்பிட்டார். தாரை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

“சார்,” என்றார் பச்சியப்பன். “அப்ப நாம உருட்டறது நெசந்தானுங்களா?”

“நிஜம்தான்.”

“அந்தக் கணக்கு வாத்தியாரு?”

“வத்தல்மலையில் சேர்ந்துவிட்டார்.”

தீர்த்தம்மாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். “அய்யோ, பாவமுங்க சார். வத்தல்மலைக்கு பஸ்ஸே கிடையாதே. நடந்தில்ல ஏறணும்.” அப்புறம் சிறிது நேரம் பலகையையே பார்த்தார். அப்புறம், “இப்ப யாரு மொறை?” என்றார்.

அன்றிலிருந்துதான் ஆட்டம் உண்மையிலேயே பிரமாதமாக நடந்தது. லேட்டாக வந்துகொண்டிருந்தவர்கள் எட்டரைக்கே வந்து கதவருகில் செருப்பைக் கழற்றினார்கள். லீவு போட்டவர் லீவை ரத்து செய்தார். எழுத்துப் பிழை அறவே நின்றுவிட்டது. ஓர் ஓவிய ஆசிரியர் ஒரே வாரத்தில் இரண்டு பாம்பும் மூன்று ஏணியும் வாங்கி, டிரங்குப் பெட்டியோடு நான்கு பள்ளிகளில் சேர்ந்து விடுபட்டார்; ஐந்தாவது உத்தரவு அவரை பஸ்ஸிலேயே பிடித்தது. இதைத் தபால்காரர் வந்து சொன்னபோது பச்சியப்பனுக்குப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. கணவனும் மனைவியுமாக ஒரே பள்ளியில் இருந்த ஒரு ஜோடியை ஒரே சுற்றில் ஏணி ஒரு பக்கமும் பாம்பு ஒரு பக்கமுமாகப் பிரித்தது. கருவுற்றிருந்த ஒரு டீச்சர் மலையேறப் போய், பாதி வழியில் டோலி கட்டி இறக்கினார்கள். தாயும் பிள்ளையும் நலம் என்று கேள்விப்பட்டதும் ஆபீஸில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

இது கொடுமை என்று உங்களுக்குத் தோன்றலாம். முன்பு எப்படி இருந்தது என்பதை யோசியுங்கள். சிபாரிசுக் கடிதம் உள்ளவன் நல்ல ஊரில் இருந்தான். இல்லாதவன் மலையில் இருந்தான். சோழிக்கு யார் யாருடைய மச்சான் என்று தெரியாது. முப்பது வருடத்தில் இந்த வாரியம் பாரபட்சமில்லாமல் நடந்தது அந்த மூன்று மாதம் மட்டும்தான். இதை நான் என் பெருமைக்காகச் சொல்லவில்லை.

இங்கே லூர்து மேரி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

சித்தேரியில் ஒன்பது வருடமாக இருக்கிறவர். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பெண். எனக்கு அண்ணன் முறையாகிறவரின் மகள். ஆபீஸில் மட்டும் ‘சார்’ என்பார். மலைப் பள்ளியில் மூன்று வருடம் இருந்தால் கீழே வர மனு போடலாம் என்பது விதி. அவர் ஆறு மனு போட்டிருந்தார். கணவர் பெங்களூரில் கம்பெனி வேலை. நான்கு வயதுப் பெண் குழந்தை கடத்தூரில் நாத்தனார் வீட்டில் வளர்கிறது. மாதம் ஒருமுறை மலை பஸ் பிடித்து இறங்கி, குழந்தையைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆபீஸுக்கும் வந்து மனுவைப் பார்த்துவிட்டுப் போவார். இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பிப்ரவரியில் வந்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “சார், எம் பொண்ணு என்னைய டீச்சருங்கறா. ‘டீச்சர் வந்திருக்காங்க, சேர் போடுங்க’ன்னு உள்ள ஓடுறா. நாத்தனாரத்தான் அம்மாங்கறா. வூட்டுல எல்லாரும் சிரிக்கறாங்க, நானும் சிரிச்சுட்டு வந்துட்டன். அடுத்த வருசம் புள்ளைய ஸ்கூல்ல போடணும் சார். அதுக்குள்ள எறக்கி உட்டுட்டீங்கன்னா, மறுபடியும் அம்மான்னு பழக்கிருவன்.”

கடத்தூரில் ஜூனில் ஓர் இடம் காலியாகிறது, பார்க்கலாம் என்றேன். சொந்தக்காரர் என்பதால் கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடுதான் சொன்னேன்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி மதராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். மாநிலத்திலேயே எங்கள் ஆபீஸில்தான் உத்தரவுகள் இருநூற்றைத் தாண்டியிருந்தன. நவீனப் பயிற்சி முறையை நேரில் பார்க்க விரும்பினார். செயலாளர் நஞ்சப்பன் புது சஃபாரி தைத்துப் போட்டுக்கொண்டு, அந்த முறையைத் தானே கண்டுபிடித்ததுபோல விளக்கினார். விளையாட்டின் பெயர் ‘மனிதவள நகர்வுப் பயிற்சி’ என்றார். அன்றுவரை எங்களுக்கே அது தெரியாது. வந்தவர் ஒரு கேடயமும் கொண்டுவந்திருந்தார். கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கிறவருக்கு அது.

பெரிய மனிதர்கள் முன்னால் கண்ணியமாக இருக்கட்டும் என்று அன்று பெயர்களைச் சொல்லாமல் எண்களை மட்டும் சொல்லி ஆடினோம். நூறாவது கட்டத்தில், ஜூனில் காலியாகப் போகிற கடத்தூர்.

இருநூற்றுப் பதினேழு என்ற காய் தீர்த்தம்மாளுடையது. விருந்தாளிக்கு மரியாதையாகச் சோழியை அதிகாரியிடமே கொடுத்தோம். அவர் போட்டது இரண்டு. நேராகப் பாம்பின் வாய். வால் வத்தல்மலையில். எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் எங்கள் செயலாளர்தான். “பாத்தீங்களா சார், பாத்தீங்களா சார், எப்பிடிக் கடிக்குதுன்னு” என்று அதிகாரியின் தோளைக்கூடத் தொட்டுவிட்டார். போட்டோக்காரன் நிற்கச் சொன்னான். அச்சாகி வந்த உத்தரவில், செயலாளர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி அங்கேயே கையெழுத்துப் போட்டார். இருநூற்றுப் பதினேழு, தர்மபுரி டவுன் பள்ளியின் ராமக்காள் டீச்சர். செயலாளரின் மனைவி.

அன்று மாலை அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது என் அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல. மறுநாள் காலை சஃபாரியின் மேல் பட்டன் இரண்டும் இல்லை. மூன்றாம் நாள் நீங்கள் விசாரணைக்கு வந்தீர்கள்.

ராமக்காள் டீச்சரின் உத்தரவு ரத்தாகிவிட்டது. பேனாவால், பச்சை மையில். மற்ற இருநூற்று நாற்பது உத்தரவுகளை ரத்து செய்ய முடியாது என்றும், போட்ட உத்தரவைக் கம்ப்யூட்டரில் அழிக்கும் பாடம் இரண்டாம் கட்டப் பயிற்சியில்தான் வருகிறது என்றும் மேலிடத்திலிருந்து எழுதிவிட்டார்கள். இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு நிதி இல்லை.

நீங்கள் நேற்றும் இன்றுமாக என்னிடம் நாற்பத்தொரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் ராமக்காள் டீச்சரைப் பற்றி. யார் தூண்டியது, என்ன முன்விரோதம், சோழியில் ஈயம் ஊற்றியிருந்ததா. அத்தனைக்கும் ஒரே பதில்தான். அது நேர்மையான இரண்டு. சோழியைப் போட்டது மதராஸ் அதிகாரி. நான் கிட்டேகூட நிற்கவில்லை.

ஆனால் அதே நாளில் கடைசி ஆட்டம் ஒன்று நடந்தது. அதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நானும் பச்சியப்பனும் மட்டும் மிச்சம் நின்றோம். என் காய் தொண்ணூற்றேழில், யாரோ ஒரு தையல் டீச்சர். பச்சியப்பனின் காய் எழுபத்தாறாம் எண், தொண்ணூற்றைந்தில். அஞ்சு விழுந்தால் நூறு, அவர் ஜெயித்துவிடுவார். நாலு விழுந்தால் தொண்ணூற்றொன்பதில் பெரிய பாம்பு, வால் சித்தேரியில். அவர் குலுக்கும்போது நான் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். வெளியே லூர்து மேரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அன்று அவர் வருகிற நாள். உள்ளே ஏதோ விளையாட்டு, எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பதுவரை அவருக்கு விளங்கியது. அவரும் சிரித்தார். எழுபத்தாறு யாருடைய எண் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆறு சோழியில் அஞ்சு நிமிர்ந்து விழுந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத அஞ்சு.

கேடயம் மேசைமேல் இருந்தது. மதராஸ் அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறையைக் கண்டுபிடித்தவன் நான். என் பெயரைச் செயலாளர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கண்டுபிடித்தவனே தோற்றுப்போனால் கண்டுபிடிப்புக்கு என்ன மதிப்பு? சோழிகளை ஒரே அள்ளில் அள்ளிக்கொண்டு, “நாலு” என்றேன்.

பச்சியப்பன் பார்த்தார். அவர் கண் முன்னால்தான் விழுந்தது. ஆனால் கண்காணிப்பாளர் எண்ணியதை உதவியாளர் திருப்பி எண்ணுகிற வழக்கம் எங்கள் வாரியத்தில் இல்லை. “நாலுதானுங்க” என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து, ஒரு பிழையில்லாமல் அடித்தார். எழுபத்தாறு. சித்தேரியிலிருந்து சித்தேரிக்கு. மிஷின் ஒரு மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. புதிதாகச் சேர்ந்தவர் என்று பதிந்துகொண்டு, ஒன்பது வருட மலை சர்வீஸைப் பூஜ்யமாக்கியது. இனி அவர் மனு போட வேண்டுமானால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அடுத்த சுற்றில் எனக்கு மூணு விழுந்தது. தையல் டீச்சருக்குக் கடத்தூர். கண்ணாடிக்கு வெளியிலிருந்து லூர்து மேரியும் கைதட்டினார்.

வெளியே வந்தேன். “யாருங்க சார் ஜெயிச்சது?” என்று கேட்டார்.

“நான்தாம்மா.”

“நல்லதுங்க சார். உங்க ராசி எனக்கும் கொஞ்சம் ஒட்டட்டும். இந்த வருசமாச்சும் நம்ம மனு...”

“ஆர்டர் அச்சாகிக்கொண்டிருக்கிறது.”

பிரிண்டர் சத்தத்தைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கிறீச்சொலி யாருக்கும் சந்தோஷத்தைத்தான் கொடுக்கும். செயலாளரிடம் கையெழுத்து வாங்கி நானே கொண்டுவந்து கொடுத்தேன். படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. “புள்ளைகிட்ட என்ன சொல்லட்டுங்க சித்தப்பா?” என்றார். ஆபீஸில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அது ஒருமுறைதான். ஆபீஸ் நேரத்தில் உறவு முறை கூடாது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டரை மணி மலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று அவரே வேகமாகப் போய்விட்டார்.

மற்றதையெல்லாம் சோழி செய்தது, மிஷின் செய்தது, கையெழுத்துச் செய்தது. இது ஒன்றை நான் செய்தேன். மூன்று நாளாக இது என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. வாக்குமூலத்தில் இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன். விழுந்தது அஞ்சு, நாலு அல்ல. அந்தக் கேடயம் பச்சியப்பனுக்குச் சேர வேண்டியது. முப்பது வருடம் உழைத்த மனிதருக்கு இப்படியோர் அநியாயத்தைச் செய்துவிட்டு, நான் எந்த முகத்தோடு பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன்?